பழைய ஸ்டோரேஜ் சர்வரை வீட்டுக்கு வாங்குவது எப்படி

பழைய சர்வர் வாங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "மொத்தம் எத்தனை டிபி வைக்கணும்?" என்பதைத்தான். 4 டிபி, 8 டிபி என்று பதில் வந்தால் சர்வர் வேண்டாம். இரண்டு டிஸ்க் போடும், வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் சின்ன நாஸ் பெட்டி ஒன்றை வாங்கி மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். 20 டிபிக்கு மேல், அதுவும் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும் என்றால் பேச்சு வேறு. கல்யாண வீடியோ எடுப்பவர்கள், பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக்கிச் சேர்ப்பவர்கள், குடும்பத்தின் மொத்தப் படங்களையும் ஒரே இடத்தில் வைத்துக் காப்பாற்ற நினைப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் டேட்டா சென்டர் கழித்துப் போடும் ஸ்டோரேஜ் சர்வர் மாதிரி ஒரு பொருள் அந்த விலைக்கு வேறு எங்கும் கிடைக்காது.

நான் அம்பத்தூர் பக்கம் ஒரு டேட்டா சென்டரில் ஸ்டோரேஜ் பிரிவில் வருடக்கணக்காக வேலை பார்த்தவன். இப்போது தாம்பரத்தில் என் வீட்டில் ஒரு பெட்டி ஓடுகிறது. கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் என் மச்சானுக்கும் ஒன்று அமைத்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டுமே பழைய பெட்டிகள். பெட்டியைப் பழையதாக வாங்குவதில் பயமே வேண்டாம். பயப்பட வேண்டியது டிஸ்க்குக்கும் கரண்ட் பில்லுக்கும்தான்.

பெட்டிக்கு ஏன் பயம் வேண்டாம் என்றால், கம்பெனிகள் சர்வரைக் கழிப்பது பெரும்பாலும் அது கெட்டுப்போனதால் இல்லை. மூன்று வருடமோ ஐந்து வருடமோ வாரன்டி முடிகிறது. அதற்கு மேல் சப்போர்ட் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கேட்கும் பணத்துக்குப் புதிதாகவே வாங்கிவிடலாம் என்று கணக்கு வருகிறது. உடனே கழட்டிவிடுகிறார்கள். அதுவரை அந்தப் பெட்டி ஏசி அறையில், தூசி இல்லாமல், ஏற்ற இறக்கம் இல்லாத கரண்டில் இருந்திருக்கிறது. நம் வீட்டு டிவிக்குக் கூட அந்த யோகம் கிடையாது. டிஸ்க்குகளின் கதை வேறு. தகவல் வெளியே போகக் கூடாது என்பதற்காகப் பல நிறுவனங்கள் அவற்றைக் கழட்டி நொறுக்கிவிடும். கழட்டும்போது டிஸ்க்கைத் தாங்கும் ட்ரேயோடு சேர்த்தே எடுத்துப் போய்விடுவார்கள். அதனால்தான் கடைக்கு வரும் பெட்டிகள் பாதிக்குப் பாதி டிஸ்க்கும் இல்லாமல் ட்ரேயும் இல்லாமல் வாய் திறந்து கிடக்கின்றன.

எந்தப் பெட்டி

அதிகம் கிடைப்பது டெல், ஹெச்பி, சூப்பர்மைக்ரோ. மூன்றும் நல்ல தயாரிப்புதான். வீட்டுக்கு என்றால் நான் டெல்லைத்தான் முதலில் சொல்வேன். பயாஸ், ஐடிராக் (பெட்டியைத் தூரத்திலிருந்தே கண்காணிக்க உதவும் டெல்லின் உள் கருவி), கண்ட்ரோலர் (டிஸ்க்குகளை இயக்கும் கார்டு) எல்லாவற்றுக்கும் உரிய ஃபர்ம்வேரை, அதாவது அவற்றுக்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேரை, அவர்கள் தளத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஹெச்பி 2014 முதல் புரோலயன்ட் சர்வர்களின் சிஸ்டம் ரோம் (அவர்களுடைய பயாஸ்) அப்டேட்டை வாரன்டியோ சப்போர்ட் ஒப்பந்தமோ உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவரிடம் இரண்டுமே இருக்காது.

டெல்லில் தேட வேண்டியது பவர்எட்ஜ் ஆர்720எக்ஸ்டி அல்லது ஆர்730எக்ஸ்டி. முன்னது 2012இல் வந்தது, பின்னது 2014இல். கடைசியில் வரும் அந்த "எக்ஸ்டி" முக்கியம். வெறும் ஆர்720 என்றால் முன்னால் பெரிய டிஸ்க் எட்டுதான் போட முடியும். எக்ஸ்டி என்றால் 3.5 அங்குல டிஸ்க் 12 போடலாம். பின்பக்கம் இரண்டு 2.5 அங்குல இடங்களும் உள்ள மாதிரியாகப் பார்த்து எடுங்கள். அந்த இரண்டில் சின்ன எஸ்எஸ்டி போட்டு அதில் சிஸ்டத்தை நிறுவிவிட்டால் முன்னால் உள்ள 12 இடமும் முழுக்க டேட்டாவுக்கே. இதே எக்ஸ்டியில் 24 சின்ன டிஸ்க் போடும் முகப்பும் உண்டு. பார்க்க அழகாக இருக்கும், விலையும் குறைவாகச் சொல்வார்கள். வாங்க வேண்டாம். அந்த அளவில் பெரிய கொள்ளளவு ஹார்ட் டிஸ்க் கிடைப்பது அரிது.

720க்கும் 730க்கும் நடுவே பணம் இடம் கொடுத்தால் 730. ரேம் டிடிஆர்4, கரண்ட் செலவு சற்றுக் குறைவு, கண்ட்ரோலர் விஷயத்தில் தலைவலியே இல்லை. அதைக் கீழே சொல்கிறேன். இதற்கும் பழைய ஆர்710ஐ இன்னும் சில கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதோடு வரும் பெர்க் 6/ஐ கண்ட்ரோலர் கார்டு 2 டிபிக்கு மேல் டிஸ்க்கைப் பார்க்காது. மின்சாரத்தை வேறு குடிக்கும். சும்மா கொடுத்தாலும் வேண்டாம். 1யு உயரப் பெட்டி, அதாவது ஒன்றே முக்கால் அங்குல உயரத் தட்டைப் பெட்டி, எதுவும் வேண்டாம். அதன் விசிறிகள் சின்னவை, காற்றைத் தள்ள வெறித்தனமாகச் சுற்ற வேண்டும், அந்தக் கீச்சுச் சத்தம் இரண்டு சுவர் தாண்டியும் கேட்கும்.

ஃபிளாட்டில் இருப்பவர்கள், தனி அறை இல்லாதவர்கள் டவர் வகையைப் பாருங்கள். டெல் டி320, டி430 இரண்டிலும் 3.5 அங்குல டிஸ்க் எட்டு போடும் மாதிரி உண்டு. ரேக் சர்வரைவிடச் சத்தம் எவ்வளவோ குறைவு. என் மச்சானுக்கு வாங்கிக் கொடுத்தது டி430தான். அவருடைய எடிட்டிங் அறையிலேயே ஓடுகிறது.

24 டிஸ்க் வரை போக வேண்டும் என்றால் சூப்பர்மைக்ரோ 846 வகை 4யு பெட்டி. இதில் கவனிக்க வேண்டியது டிஸ்க்குகள் போய்ச் செருகும் பேக்பிளேன். சாஸ் என்பது சர்வர் டிஸ்க்குகளின் இணைப்பு முறை. அதன் பலகையில் அச்சிட்ட எண்ணில் "சாஸ்2" என்று இருந்தால் வாங்கலாம். வெறும் "சாஸ்" என்று இருந்து கடைசியில் "இஎல்1" என்று முடிந்தால் அது முதல் தலைமுறை எக்ஸ்பாண்டர் (ஒரு இணைப்பைப் பல டிஸ்க்குகளுக்குப் பிரித்துக் கொடுப்பது), பெரிய டிஸ்க்குகளோடு ஒத்துப்போகாது. பவர் சப்ளை எண்ணின் முடிவில் "எஸ்க்யூ" இருந்தால் அது சத்தம் குறைந்த ரகம். அதற்குக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்து வாங்குங்கள்.

நெட்ஆப் டிஎஸ்4246 போன்ற வெறும் டிஸ்க் அலமாரிகளும் வரும். சிபியு கிடையாது. 24 டிஸ்க் இடமும் பவர் சப்ளைகளும் மட்டும். ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பவர், வெளிப்பக்கம் போர்ட் உள்ள ஹெச்பிஏ கார்டும் (அது என்ன என்று அடுத்து சொல்கிறேன்) அதற்குரிய கேபிளும் வாங்கினால் இதை இணைத்துக்கொள்ளலாம். முதல் தடவை வாங்குபவருக்கு நான் இதைச் சொல்வதில்லை.

கண்ட்ரோலர்

விலை பேசும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுதான். சர்வரில் டிஸ்க்குகள் நேராக மதர்போர்டுக்குப் போவதில்லை, நடுவில் ஒரு கார்டு இருக்கிறது. அது ரெய்டு கார்டு என்றால் டிஸ்க்குகளைத் தன் வசம் வைத்துக்கொண்டு, சிஸ்டத்துக்கு ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டும். ஹெச்பிஏ என்றால் ஒவ்வொரு டிஸ்க்கையும் அப்படியே சிஸ்டத்திடம் விட்டுவிடும். வீட்டுக்கு நமக்கு வேண்டியது இரண்டாவது.

ரெய்டு கார்டு எழுதும் அமைப்பு அந்தக் கார்டு குடும்பத்துக்கு மட்டுமே புரியும். பத்து வருடம் பழைய கார்டு ஒருநாள் செத்தால், டிஸ்க்குகள் எல்லாம் நல்லபடி இருந்தும், அதே குடும்பத்து இன்னொரு கார்டைத் தேடி அலைய வேண்டும். ஹெச்பிஏவும், டிஸ்க்குகளைச் சாஃப்ட்வேரிலேயே ஒன்றுசேர்க்கும் இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டமும் இருந்தால் டிஸ்க்குகளைக் கழட்டி, வேறு எந்தக் கம்ப்யூட்டரில் எந்த வரிசையில் செருகினாலும், "இம்போர்ட்" என்று ஒரே கட்டளையில் எல்லாம் திரும்ப வந்து நிற்கும். பழைய பெட்டி வாங்குகிறோம், என்றைக்கோ அது நிற்கத்தான் போகிறது. அன்றைக்கு டேட்டா அந்தப் பெட்டியோடு கட்டுண்டு கிடக்கக் கூடாது.

நடைமுறையில் பார்த்தால், ஆர்730எக்ஸ்டியில் வரும் பெர்க் ஹெச்730 கார்டில் ஹெச்பிஏ மோட் உண்டு. பயாஸ் திரையில் மாற்றிவிட்டு ரீபூட் செய்தால் போதும். ஆர்720எக்ஸ்டியில் பெரும்பாலும் வருவது ஹெச்710. அதில் அந்த மோட் கிடையாது. வேறு ஃபர்ம்வேர் ஏற்றி மாற்றும் வழி இருக்கிறது, ஆனால் படிகளை வரிசை தவறாமல் செய்ய வேண்டும், நடுவில் கரண்ட் போனால் கார்டு போயிற்று. எல்எஸ்ஐ 9207-8ஐ அல்லது 9211-8ஐ கார்டை, ஐடி மோட் ஃபர்ம்வேர் (வெறும் ஹெச்பிஏவாக இயங்க வைப்பது) ஏற்றியதாகப் பார்த்து வாங்கி, பேக்பிளேன் கேபிளை அதற்கு மாற்றுவது சுலபம். வாங்கும்போது மறக்காமல் கேபிள் நீளத்தையும் சரிபாருங்கள், ஹெச்710 மினியின் கேபிள் மதர்போர்டுக்குப் போவது, கார்டு வரை எட்டாது. இந்தக் கார்டுகள் சர்வரின் பலத்த காற்றோட்டத்தை நம்பிச் செய்யப்பட்டவை. சாதாரண கேபினெட்டில் போட்டால் அதன் ஹீட்சிங்க் தொட முடியாதபடி சுடும், சின்ன விசிறி ஒன்றைக் கட்ட வேண்டும்.

கடையில்

சென்னையில் ரிச்சி தெரு, அதையொட்டிய நரசிங்கபுரம் தெரு. பெங்களூரில் எஸ்.பி. ரோடு. ஆன்லைனிலும் விற்கிறார்கள். ஆனால் முதல் பெட்டியை நேரில் பார்த்து வாங்குவதே நல்லது. காலையில் போங்கள். சாயங்காலக் கூட்டத்தில் 30 கிலோ பெட்டியை மேஜை மேல் தூக்கி வைத்து ஆன் செய்துகாட்ட யாருக்கும் பொறுமை இருக்காது.

"சார், எல்லாம் வொர்க்கிங் கண்டிஷன். டேட்டா சென்டர் பீஸ் சார்."

"சரிண்ணே, ஆன் பண்ணிக் காட்டுங்க. பவர் சப்ளை ரெண்டையும் ஒண்ணு ஒண்ணாக் கழட்டிப் பாக்கணும்."

"அதெல்லாம் தாராளமாப் பாருங்க. ட்ரே மட்டும் எட்டுதான் இருக்கு. மீதி நாலு வெளிய வாங்கிக்குங்க."

"அப்ப அந்த நாலு ட்ரேக்கும் வெலையக் கொறைச்சிருங்கண்ணே."

பேரம் இப்படித்தான் நடக்க வேண்டும். மொத்த விலையைப் பிடித்துத் தொங்கினால் கடைக்காரர் இறங்க மாட்டார். இல்லாத ட்ரே, இல்லாத இரண்டாவது பவர் சப்ளை, இல்லாத ரெயில் (ரேக்கில் மாட்டும் சட்டம்) என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னால் நியாயம் என்று அவருக்கே தோன்றும். ரெயில் நமக்குத் தேவையில்லை, வீட்டில் ரேக் இல்லாவிட்டால் அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆன் செய்யும் முன் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கடலோரக் கிடங்கில் கிடந்த பெட்டி என்றால் திருகுகளிலும் பிசிஐ ஸ்லாட் ஓரங்களிலும் வெண்பச்சைப் பூப்பு தெரியும். அப்படி இருந்தால் அங்கேயே மூடி வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிறகு எந்தச் சோதனையும் தேவையில்லை. பேக்பிளேனில் 12 சாக்கெட்டையும் முன்பக்கத் துளை வழியாகப் பாருங்கள், ட்ரேயைக் கோணலாகத் தள்ளி உடைத்திருப்பார்கள். கார்டில் ஒட்டியிருக்கும் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

முன்பக்கம் இழுத்தால் வெளியே வரும் சின்னத் தகடு ஒன்று இருக்கும், அதில்தான் பெட்டியின் தனி அடையாள எண்ணான சர்வீஸ் டேக். அந்த எண்ணை டெல் தளத்தில் போட்டால் எந்த மாதம் அனுப்பப்பட்டது, என்னென்ன பாகங்களோடு போனது என்று காட்டும். இரண்டு சிபியுவோடு போன பெட்டியில் இப்போது ஒன்றுதான் இருக்கிறது என்றால் இன்னொரு சாக்கெட்டைத் திறந்து ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி பில்லில் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். இது எங்கிருந்து வந்த பொருள் என்று நாளைக்கு யாரும் கேட்டால் காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

ஆன் செய்ததும் விசிறிகள் அலறும். பயப்பட வேண்டாம், ஒரு நிமிடத்தில் அடங்க வேண்டும். அடங்காவிட்டால்தான் கேள்வி. ஏதோ ஒரு சென்சாரோ விசிறியோ சரியில்லை. பயாஸுக்குள் போய் ரேம் அளவு சரியாக வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஐடிராக்கின் சிஸ்டம் ஈவன்ட் லாக். பெட்டியின் வாழ்க்கை வரலாறு அங்கே இருக்கிறது. "ஏ3 டிம்மில் திருத்தக்கூடிய பிழை" என்று வாரம் ஒருமுறை பதிவாகியிருந்தால் அந்த ரேம் துண்டைக் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம். லாக் சுத்தமாக அழிக்கப்பட்டிருந்தால் அதில் தப்பில்லை, கைமாற்றும்போது அழிப்பது வழக்கம். அப்படியானால் பெட்டியை அரை மணி நேரமாவது ஓடவிட்டு மறுபடி பாருங்கள். ஐடிராக் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது என்றால் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிச் சரிசெய்யலாம். இந்தத் தலைமுறையில் ஆரம்பப் பெயர் ரூட், பாஸ்வேர்டு கால்வின். உலகத்துக்கே தெரிந்த பாஸ்வேர்டு அது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மாற்றுங்கள், ஐடிராக்கை ஒருபோதும் இன்டர்நெட்டில் திறந்து விடாதீர்கள்.

வெளியூருக்கு பார்சல் போட வேண்டும் என்றால் டிஸ்க்குகளைக் கழட்டித் தனியாகப் பொதியுங்கள். மாடிக்குத் தூக்கும்போதும் அப்படித்தான். டிஸ்க்கும் பவர் சப்ளையும் வெளியே வந்துவிட்டால் எடை நன்றாகக் குறைந்துவிடும்.

டிஸ்க்

பணத்தை எங்கே மிச்சம் பிடித்தாலும் இங்கே பிடிக்காதீர்கள். முடிந்தவரை டிஸ்க் புதியது வாங்குங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால் பழையது வாங்கலாம், ஆனால் கீழே சொல்லும் சோதனை முடிகிற வரை அதில் ஒரு போட்டோ கூட வைக்கக் கூடாது.

சர்வரின் சாஸ் போர்ட்டில் சாட்டா டிஸ்க்கும் ஓடும், சாஸ் டிஸ்க்கும் ஓடும். சாதாரண கம்ப்யூட்டரின் சாட்டா போர்ட்டில் சாஸ் டிஸ்க் செருகவே முடியாது. வீட்டில் யாரும் சாஸ் தேடுவதில்லை என்பதால் பழைய சாஸ் டிஸ்க்குகள் மலிவு. நம்மிடம் சர்வர் இருப்பதால் அது நமக்கு லாபம். ஒரே ஒரு இடைஞ்சல். நெட்ஆப் போன்ற ஸ்டோரேஜ்களிலிருந்து வந்த டிஸ்க் 520 பைட் செக்டாராக (டிஸ்க் சேமிக்கும் சின்னக் கட்டம்) ஃபார்மேட் ஆகியிருக்கும். லினக்ஸில் டிஸ்க் பெயர் தெரியும், அளவு மட்டும் பூஜ்யம் என்று காட்டும். பார்த்ததும் கெட்ட டிஸ்க் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எஸ்ஜி_ஃபார்மேட் என்ற கருவியால் 512க்கு மாற்றிவிடலாம். பெரிய டிஸ்க்குக்கு மணிக்கணக்கில் ஆகும், நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து செய்ய வேண்டும். யுபிஎஸ் இணைத்த பிறகு ஆரம்பியுங்கள்.

சாட்டா டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் ரகமா (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுவது) என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். டபிள்யூடி தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதை 2020 ஏப்ரலில்தான் வெளியே சொன்னது. கெட்ட டிஸ்க்குக்குப் பதில் புதிது போட்டு ரீசில்வர் செய்யும், அதாவது டேட்டாவை அதில் மறுபடி கட்டும் நேரத்தில் இந்த ரகம் ஊர்ந்து ஊர்ந்து போகும், சில சமயம் பாதியில் தூக்கி எறியப்படும். நமக்கு ஆகாது.

அடுத்து ஸ்மார்ட் விவரம், அதாவது டிஸ்க் தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு. ஸ்மார்ட்சிடிஎல் கருவியை ஓட்டினால் வரும் பட்டியலில் ஓடிய மணிநேரத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். 40,000 மணிநேரம் என்றால் நாலரை வருடம். டேட்டா சென்டர் டிஸ்க்குக்கு அது சகஜம், அதற்காக மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். 5, 197, 198 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கிய செக்டார், காத்திருக்கும் செக்டார், சரிசெய்ய முடியாத செக்டார். மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 197இல் ஒன்று இருந்தாலும் எனக்கு அந்த டிஸ்க் வேண்டாம். 199 ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, டிஸ்க்கின் குற்றம் இல்லை. சாஸ் டிஸ்க்கில் இந்த எண்கள் வராது. "குரோன் டிஃபெக்ட் லிஸ்ட்" என்ற வரி வரும். அது பூஜ்யமாக இருக்க வேண்டும்.

அந்த மணிநேரக் கணக்கையே அழித்து விற்பவர்களும் உண்டு. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைஸ் செய்தித் தளம் இதை வெளிக்கொண்டு வந்தது. புதியது என்று விற்கப்பட்ட சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகளில் ஸ்மார்ட் கணக்கு பூஜ்யமாக இருந்தது, ஆனால் டிஸ்க் தனியாக வைத்திருக்கும் ஃபார்ம் என்ற இன்னொரு பதிவில் ஆயிரக்கணக்கான மணிநேரம் தெரிந்தது. சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ஓட்டிய டிஸ்க்குகளாக இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். சீகேட் டிஸ்க் என்றால் ஸ்மார்ட்சிடிஎல் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் ஃபார்ம் பதிவையும் எடுத்து இரண்டு மணிநேரக் கணக்கையும் ஒப்பிடுங்கள். ஒன்று பூஜ்யம், இன்னொன்று 20,000 என்று வந்தால் பெட்டியை மூடித் திருப்பி அனுப்பலாம்.

காகிதத்தில் எல்லாம் சரி என்றால் ஓட்டச் சோதனை. ஸ்மார்ட்டின் நீண்ட சோதனை முதலில். பிறகு பேட்பிளாக்ஸ், எழுதிப் படிக்கும் முறையில். டிஸ்க்கின் கடைசி மூலை வரை நான்கு விதமான வடிவங்களை எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 4 டிபி டிஸ்க் சராசரியாக நொடிக்கு 150 எம்பி போகிறது என்று வைத்தால் ஒரு சுற்று எழுத ஏழரை மணி நேரம், படிக்க ஏழரை மணி நேரம். நான்கு சுற்றுக்கு இரண்டரை நாள். டிஸ்க்குகள் அனைத்தையும் ஒரே சமயத்தில் ஓடவிடுங்கள். அந்த இரண்டரை நாளில் பவர் சப்ளை, பேக்பிளேன், கண்ட்ரோலர், அறையின் சூடு எல்லாமே சேர்ந்து சோதனையாகிவிடும். முடிந்ததும் மறுபடி 5, 197, 198. ஒரு எண்ணாவது நகர்ந்திருந்தால் அந்த டிஸ்க்கைத் திருப்பிக் கொடுங்கள். ஏழு நாள், பத்து நாள் மாற்றித் தரும் உறுதியை விற்பவரிடம் எழுதி வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

வீட்டில்

இடத்தைப் பெட்டி வரும் முன்பே முடிவு செய்யுங்கள். பரண் வேண்டாம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள மேல்தள அறையும் வேண்டாம். டெல் இந்தப் பெட்டிகளுக்குச் சொல்லும் சாதாரண அறை வெப்பம் 35 டிகிரி வரை. சித்திரை, வைகாசியில் அந்த அறைகள் பகல் இரண்டு மணிக்கே அதைத் தாண்டிவிடும். வடக்குப் பார்த்த, கீழ்த்தளத்து, ஜன்னல் உள்ள சின்ன அறை சரி. டிஸ்க் வெப்பம் 45க்குள் இருக்கிறதா என்று முதல் கோடைக்குக் கண்ணில் வைத்திருங்கள்.

பல்லியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பின்பக்கம் காலியாக இருக்கும் பிசிஐ ஸ்லாட், இரண்டாவது பவர் சப்ளை இல்லாத ஓட்டை, இவை வழியாகக் கதகதப்பைத் தேடி உள்ளே போய்விடும். போய் எங்கே படுக்கும் என்றால் பவர் சப்ளைக்குப் பக்கத்தில்தான். அதற்கும் ஆபத்து, பெட்டிக்கும் ஆபத்து. காலி இடங்கள் எல்லாவற்றுக்கும் உரிய மூடித் தகடு உண்டு, கடையில் கேட்டு வாங்கிப் போடுங்கள். முன்பக்கம் காலி டிஸ்க் இடங்களிலும் வெற்று ட்ரே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று அந்த ஓட்டை வழியே ஓடிவிடும், ஓடுகிற டிஸ்க்குகளுக்குப் பக்கத்தில் போகாது.

எர்த் சரியாக உள்ள பிளக்கில்தான் செருக வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் சர்வரின் இரும்பு உடம்பைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைப் பாருங்கள். பெட்டியோடு வரும் கேபிள் டேட்டா சென்டர் ரேக்கில் இருக்கும் பிடியூ என்ற பவர் ஸ்ட்ரிப்புக்கானது, நம் சுவர் பிளக்கில் செருகாது. கம்ப்யூட்டருக்குப் போடும் சாதாரண மூன்று பின் பவர் கார்டு போதும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று யுபிஎஸ்ஸைத் தவிர்க்காதீர்கள். சதுர அலை இன்வெர்ட்டர் இந்தப் பவர் சப்ளைகளுக்கு ஒத்துவராது. 1 கேவிஏ லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ், யுஎஸ்பி கேபிளோடு. பேட்டரி குறைந்ததும் சர்வர் தானாகவே ஒழுங்காக அணைந்துவிடும்படி அமைக்கலாம்.

இனி கரண்ட் பில். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். இரண்டு சிபியு, 12 டிஸ்க் உள்ள ஆர்720எக்ஸ்டி சும்மா நின்றாலே என் மீட்டரில் 200 வாட் பக்கம் காட்டியது. இரண்டு மாதத்துக்கு 288 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் 500ஐத் தாண்டினால் இலவசத்துக்கு அடுத்த அடுக்கிலேயே விகிதம் உயர்ந்துவிடுகிறது. ஏற்கெனவே 350 யூனிட் ஓடும் வீட்டில் இந்தப் பெட்டி வந்தால் பில் எகிறும். அதனால் ஒரு சிபியுவைக் கழட்டிவிடுங்கள். ஃபைல் சேமித்துக் கொடுக்கும் வேலைக்கு ஒன்றே அதிகம். கழட்டினால் பாதி ரேம் இடங்களும் சில பிசிஐ ஸ்லாட்டுகளும் வேலை செய்யாது, ஹெச்பிஏவை முதல் சிபியுவின் பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்ற வேண்டும். டிஸ்க் எண்ணிக்கையையும் குறையுங்கள். ஒரு டிஸ்க் சும்மா சுற்றவே 5 முதல் 8 வாட். 4 டிபி 12 வாங்குவதைவிட 12 டிபி நான்கு வாங்கினால் முதலில் பணம் கூடுதல், கரண்டில் வருடா வருடம் திரும்பி வரும்.

சத்தத்தை ஐபிஎம்ஐ என்ற சர்வர் நிர்வாகக் கட்டளை மூலம் குறைக்கலாம். டெல் 12, 13ஆம் தலைமுறைப் பெட்டிகளில், அதாவது மேலே சொன்னவற்றில், விசிறியைக் கைவசம் எடுத்து 20 சதவீத வேகத்துக்கு இறக்கிவிட முடியும். வேறு கம்பெனி கார்டு போட்டதும் விசிறி வேகமெடுக்கும் பழக்கத்தையும் அணைத்துவிடலாம். 14ஆம் தலைமுறையில் ஐடிராக்9இன் புதிய ஃபர்ம்வேர்கள் இந்த வழியை அடைத்துவிட்டன. இறக்கிவிட்டு அப்படியே விடக் கூடாது. வெப்பத்தைப் பார்த்து வேகத்தைத் திரும்ப ஏற்றும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று கட்டாயம்.

சாஃப்ட்வேர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இசட்எஃப்எஸ்ஸோடு வரும் ட்ரூநாஸ் என்ற ஸ்டோரேஜ் சிஸ்டத்தைப் போடுங்கள், இலவசம். ஆறு டிஸ்க்கை ஒரு ரெய்டுஇசட்2 தொகுப்பாக வையுங்கள். எந்த இரண்டு டிஸ்க் கெட்டாலும் டேட்டா நிற்கும், நான்கு டிஸ்க்கின் இடம் கிடைக்கும். ஒரு டிஸ்க் கெடுவதை மட்டும் தாங்கும் ரெய்டுஇசட்1 வேண்டாம், பழைய டிஸ்க் என்றால் கண்டிப்பாக வேண்டாம். ஒன்று கெட்டு, மாற்றுக்கு ரீசில்வர் ஓடும் அந்த நீண்ட மணிநேரங்களில்தான் இன்னொன்றும் விழும். மாதம் ஒரு ஸ்க்ரப் (எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்ப்பது), வாரம் ஒரு சின்ன ஸ்மார்ட் சோதனை, பிழை வந்தால் மெயில். இந்த மூன்றையும் முதல் நாளே அமைத்து, சோதனை மெயில் ஒன்று போனுக்கு வருகிறதா என்றும் பாருங்கள்.

டேட்டா ஏற்றும் முன் ஒரு ஒத்திகை. ஒவ்வொரு ட்ரேயின் முகப்பிலும் அந்த டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நான்கு எழுத்தை எழுதி ஒட்டுங்கள். பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை வேண்டுமென்றே இழுத்துவிடுங்கள். மெயில் வருகிறதா? திரையில் வரும் சீரியல் எண்ணும் கையில் உள்ள ட்ரேயின் எண்ணும் ஒன்றா? தனியாக வாங்கி வைத்த உபரி டிஸ்க்கைப் போட்டு ரீசில்வர் முடியும் வரை பாருங்கள். நிஜமாகவே ஒரு டிஸ்க் கெடும் நாளில் பதற்றத்தில் நல்ல டிஸ்க்கைப் பிடுங்கிவிடுவது அடிக்கடி நடக்கிற காரியம்.

ரெய்டு வைத்திருப்பதால் பேக்கப் ஆகிவிடாது. இடி விழுந்தாலும், திருடு போனாலும், யாராவது ஃபோல்டரையே அழித்தாலும் 12 டிஸ்க்கும் சேர்ந்தே போகும். என் பெட்டியின் முக்கியமான ஃபோல்டர்கள் ராத்திரியில் கும்பகோணத்துக்குப் போகின்றன, மச்சானின் கல்யாண வீடியோக்களில் டெலிவரி முடியாதவை இங்கே வருகின்றன. முதல் முழுப் பிரதியை மட்டும் இன்டர்நெட்டில் அனுப்பாமல் டிஸ்க்கில் ஏற்றிக் கையில் கொண்டுபோய்ச் செருகினோம். அதன் பிறகு இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டில் மாறியது மட்டுமே போவதால் வீட்டு ஃபைபர் இணைப்பே தாங்குகிறது. அப்படி ஒரு வீடு வாய்க்காதவர்கள் இரண்டு பெரிய யுஎஸ்பி டிஸ்க் வாங்கி, ஒன்றை மாற்றி ஒன்று சொந்தக்காரர் வீட்டில் வைத்து வரலாம். எந்த முறையானாலும் அவ்வப்போது பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திரும்ப இறக்கி, ஃபைலைத் திறந்து பாருங்கள். வீடியோ என்றால் முதல் நொடியோடு விட்டுவிடாமல் நடுவில் எங்காவது தாவிப் போய் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.